மோசமான பன்னிரண்டு

பெரியவளுக்குத் தங்கை மேல் முதன்முதலாக வயிறு எரிந்தது அவளுடைய பதினோராவது வயதில்.

அப்பா ஒரு மருந்துக்கடையில் மருந்து கலந்து கொடுக்கும் வேலையில் இருந்தார். வாரத்தில் ஒரு நாள்தான் பகலில் அவரை வீட்டில் பார்க்க முடியும். அப்படி ஒரு நாளில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரை அக்காளும் தங்கையும் ஆளுக்கொரு தாளில் வரைந்தார்கள். பெரியவள் ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டிப் பிடித்து, மூக்குக்கும் மோவாய்க்கும் உள்ள இடைவெளியை அளந்து அளந்து ஒன்றரை மணி நேரம் வரைந்தாள். ஆறு வயதுச் சின்னவள் ஒரு கரித்துண்டை எடுத்துத் தாளில் தேய் தேய் என்று தேய்த்து, ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.

அம்மா பெரியவளின் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியே உங்கப்பாவை உரிச்சு வச்சிருக்கடி!" என்று கன்னத்தைக் கிள்ளினாள். பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு அம்மா குனிந்து தரையில் கிடந்த மற்ற தாளை எடுத்தாள். அதில் அப்பா என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் வீங்கிய கறுப்பு உருண்டை, அதற்குள் இழுத்துக்கொண்டு போன ஒரு வாய். அம்மா சிரிக்கவில்லை. படத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னங்க, உங்களுக்குப் பல்வலியா?"

அப்பா அசடு வழிந்தார். "மூணு நாளா. சொன்னா பிடுங்கணும்பே, அதான் வாயைத் திறக்கலை."

மறுநாள் அப்பாவின் பல் போயிற்று. பெரியவளின் படம் புத்தகங்களுக்கு நடுவில் போயிற்று. சின்னவளின் கரிப்படத்தை மட்டும் அம்மா மடித்துத் தன் துணிப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதை விரித்துக் காட்டி, "ஆறு வயசுக் குட்டிக்கு எப்படித் தெரிஞ்சுது பாருங்க" என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்ன ஒவ்வொரு தடவையும் பெரியவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

நியாயமாகப் பார்த்தால் பொறாமைப்பட வேண்டியவள் சின்னவள்தான். அப்பா காலமானபோது இரண்டு பெண்களையும் படிக்க வைக்க அம்மாவுக்குத் தெம்பில்லை. பெரியவள் ஓவியக் கல்லூரிக்குப் போனாள். சின்னவள் பத்தாவதோடு நின்றாள். பெரியவள் நான்கு வருஷம் படித்து, மெடல் வாங்கி, பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சரானாள். ஸ்கேல் இல்லாமலே நேர்கோடு போடுவாள்; போட்டுவிட்டு ஸ்கேல் வைத்துச் சரி பார்ப்பாள். அதனால் பிள்ளைகள் அவளுக்கு 'ஸ்கேல் டீச்சர்' என்று பேர் வைத்தார்கள். சின்னவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை கிடைத்தது. வெளுத்து வரும் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, கிழிந்தவற்றைத் தையல் மெஷினில் ஒட்டுப்போட்டு, அடுக்கி, தள்ளுவண்டியில் ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். ஒட்டுப்போடக்கூட லாயக்கில்லாத விரிப்புகளைக் கழித்துக் கட்டும்போது, கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவாள்.

அம்மாவும் போன பிறகு சின்னவள் அக்காள் வீட்டுப் பின்னறைக்குக் குடி வந்தாள். கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால், "எனக்கு வேலை இருக்கு" என்பாள். அந்த வேலை என்னவென்று பின்னறைக் கதவைத் திறந்தால் தெரியும். கழித்துக் கட்டிய விரிப்பைக் கட்டையில் இழுத்து ஆணியடித்து, பசையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக் காயவைப்பாள். பெயிண்ட் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வண்ணமடிக்க வந்தவர்கள் டப்பாவின் அடியில் விட்டுப் போனவை. வார்டுச் சுவரின் வெளிர்பச்சை, கேட்டின் நீலம், தீயணைப்பு வாளியின் சிவப்பு. சுவருக்கு அடிக்கும் பட்டை பிரஷ், தேய்ந்த கரண்டி, சமயத்தில் உள்ளங்கை, எது அகப்பட்டாலும் அதனால் அப்புவாள்.

அவள் வரைந்தது ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களை. தள்ளுவண்டியோடு போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை பார்ப்பாள். அவ்வளவுதான். நின்று பார்க்க மாட்டாள். அது மரியாதை இல்லை என்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி டீ குடித்ததும் அந்த முகங்கள் விரிப்பில் வந்து விழும்.

"அக்கா, ஒரு நிமிஷம் வந்து பாரேன்" என்று ஒவ்வொரு படம் முடிந்ததும் கூப்பிடுவாள். பெரியவள் வாசற்படியைத் தாண்டாமல் நின்று பார்ப்பாள்.

"என்னடி இது, காது கதவளவுக்கு இருக்கு?"

"உள்ளே பொண்டாட்டிக்கு ஆபரேஷன். அந்த ஆளுக்கு அந்தக் கதவுச் சத்தத்தைத் தவிர வேற எதுவும் கேட்கலைக்கா. உடம்பு முழுக்கக் காதுதான்."

"கழுத்து எங்கே?"

"கழுத்து இருந்த மாதிரி தெரியலை."

"கிறுக்கல்" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் திரும்பிவிடுவாள். ஆனால் அந்தக் காது கூடவே வரும். காய் நறுக்கும்போதும், மறுநாள் வகுப்பில் பூஜாடிக்கு நிழல் போடச் சொல்லிக்கொடுக்கும்போதும் கண் முன்னால் நிற்கும். கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு நெஞ்சில் தைப்பதை வரைகிற பாணிக்கு 'எக்ஸ்பிரஷனிசம்' என்று பேர். கல்லூரிப் பரீட்சையில் அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் அவள். அந்த வார்த்தையைக் கேள்விப்பட்டுக்கூட இராத ஒருத்தி, தன் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்துகொண்டு, பரீட்சையே எழுதாமல் அதைச் செய்துகொண்டிருந்தாள்.

ஒரு கோடை விடுமுறையில் வீட்டில் யாரும் இல்லாதபோது பெரியவளும் முயன்று பார்த்தாள். மூக்கை வளைத்தாள், கண்ணை இடம் மாற்றினாள், முகத்துக்குச் சிவப்பு அடித்தாள். முடித்துப் பார்த்தால், நேராக நடக்கத் தெரிந்தவள் வேண்டுமென்றே நொண்டிக் காட்டுவது போல் இருந்தது. நான்காக, எட்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையின் அடியில் திணித்து, மேலே காய்த்தோலைக் கொட்டி மூடினாள்.

வீட்டில் மற்றவர்கள் அவள் எரிச்சலுக்கு எண்ணெய் வார்த்தார்கள். அவள் கணவர் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். சாது, கொஞ்சம் நக்கல் பேர்வழி. ஒரு நாள் பின்னறைக்குள் போய்ப் படங்களைப் பார்த்துவிட்டு வந்து, "எனக்கு ஓவியம்லாம் தெரியாது. ஆனா குட்டியோட படத்துக்கு முன்னாடி நின்னா யாரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருக்கு" என்றார்.

"என் படத்துக்கு முன்னாடி நின்னா?"

"உன் படம் நல்லா இருக்கும்மா. பூ பூ மாதிரியே இருக்கு."

அன்றைக்கு அவருக்கு இரண்டாவது தடவை டீ கிடைக்கவில்லை. மகள் கல்யாணமாகிப் புது வீட்டுக்குப் போனபோது, ஹாலில் மாட்டியிருந்த அம்மாவின் பூஜாடிப் படங்களை விட்டுவிட்டுச் சித்தியிடம் போய்க் கதவளவு காது மனிதனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெரியவள் பழைய துணி சுற்றி, நூல் கட்டி, தன் கையாலேயே அதை வண்டியில் ஏற்றிவிட்டாள். சிரித்த முகமாகத்தான் ஏற்றினாள். காதில் புகை வந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சின்னவளுக்கு ஐம்பது வயதானபோது ஒரு ஓவியக்கூடத்துக்காரி வீட்டைத் தேடி வந்தாள். அவளுடைய தாயாரை அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாளாம். சலவைப் பிரிவின் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, இது யார் வரைந்தது என்று கேட்டுக் கேட்டு விலாசம் பிடித்திருக்கிறாள். அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் பெரியவள் விசேஷத்துக்கு வைத்திருந்த உடையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். தன்னுடைய பூஜாடிகளையும் ஆற்றங்கரைகளையும் தூசி தட்டி ஹாலில் வரிசையாகச் சாய்த்து வைத்தாள்.

ஓவியக்கூடத்துக்காரி ஹாலில் நின்றாள். "ரொம்ப நேர்த்தி" என்றாள். அரை நிமிடம் இருக்கும். "பின்னாடி ரூம் எந்தப் பக்கம்?"

பின்னறைக்குள் போனவள் ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். கொண்டுபோய் வைத்த டீயில் ஆடை படர்ந்திருந்தது. அவள் கண் சிவந்திருந்தது. "பன்னிரண்டு படம் போதும்மா. எங்க கூடத்துல ஒரு மாசம் வைக்கலாம். எது எதுன்னு நீங்களே எடுத்து வைங்க. உங்க படம், நீங்கதான் சொல்லணும்" என்று சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

படங்களை எடுத்துப்போக வண்டி வர நான்கு நாள் இருக்கும்போது சின்னவளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பித்தப்பையில் கல். தான் விரிப்பு கொண்டுபோய்க் கொடுத்த அதே தியேட்டருக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருப்பது கூடப்பிறந்தவள் என்ற பயம் ஒரு பக்கம். வண்டி வரும் தேதி தள்ளிப்போகாதா என்ற நினைப்பு மறுபக்கம். அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டாள். ஆனாலும் அது போகவில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் சின்னவள் கேட்ட முதல் கேள்வி படத்தைப் பற்றித்தான்.

"அக்கா, தேதியைத் தள்ள வேண்டாம். நீயே பன்னிரண்டு எடுத்துக் குடுத்துடு."

"நானா? எனக்கென்னடி தெரியும் உன் கிறுக்கலைப் பத்தி?"

"உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வண்டி வருகிற அன்று காலை, கணவர் வேலைக்குப் போன பிறகு, பெரியவள் பின்னறைக்குள் போனாள். சுவரோடு சுவராக எழுபது படத்துக்கு மேல் சாய்ந்திருந்தன. எல்லாம் ஒன்றுதான், கைக்கு வந்த பன்னிரண்டைத் தூக்கிப் போட்டால் ஆயிற்று என்று நினைத்துத்தான் முதல் படத்தை எடுத்தாள். அது ஒரு கிழவர். தொப்பியை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டிருந்தார். கைகள் முறுக்கிய கயிறு போல் இருந்தன. அவளுக்கு மூச்சு ஒரு கணம் நின்றது. எடுத்த இடத்திலேயே அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். அடுத்தது, பார்த்த ஜாடையிலேயே இன்னொரு கிழவர். ஆனால் இது கை ஓய்ந்துபோன நாளில், பழக்கத்தில் போட்டது. அதே கயிறு, முறுக்கு இல்லை. அதை ஹாலுக்குக் கொண்டுபோய் வைத்தாள். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, தான் என்ன செய்யப்போகிறோம் என்று.

அதற்கு மேல் அவள் கை தடுமாறவில்லை. நெஞ்சில் குத்தியதெல்லாம் பின்னறையிலேயே நின்றது. செத்துப் பிறந்ததெல்லாம் ஹாலுக்குப் போயிற்று. தீயணைப்பு வாளிச் சிவப்பில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி: சுவருக்கு. அதே சிவப்பை அள்ளி அடித்தும் ஒன்றும் சொல்லாத ஒரு கூட்டம்: ஹாலுக்கு. அம்மாவின் கடைசி நாள் முகம் அகப்பட்டபோது பெரியவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, அதையும் சுவரைப் பார்க்கத் திருப்பினாள்.

கடைசியில் ஒன்று. பச்சை முகம், வாசற்படிக்கு வெளியே நிற்கிற ஒரு பொம்பிளை. உள்ளே வராமல் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்க்கிறாள். தான்தான் என்று தெரியப் பெரியவளுக்கு ஒரு நொடி பிடித்தது. தன்னைப் பேயாகப் போட்டிருப்பாள், குரூரமாகப் போட்டிருப்பாள் என்று பதறிக்கொண்டு பார்த்தாள். அப்படி இல்லை. அந்த முகத்தில் இருந்தது பசி. சாப்பாட்டுக்கடை ஜன்னலுக்கு வெளியே நிற்பவளின் பசி. எழுபதிலும் அதுதான் சிறந்த படம். ஹாலுக்கு அனுப்பினால் ஊரே பார்த்துக் கைதட்டும். அவள் அதை மற்ற எல்லாவற்றுக்கும் பின்னால் வைத்தாள்.

வண்டி வந்தது. பன்னிரண்டு படங்களும் போயின.

காட்சி திறந்த அன்று பெரியவள் ஒரு மூலையில் நின்று வேடிக்கை பார்த்தாள். வந்தவர்கள் சுற்றி வந்தார்கள், தலையாட்டினார்கள், பிஸ்கட் தின்றார்கள். ஒருவரும் எந்தப் படத்துக்கு முன்னாலும் நிற்கவில்லை. ஓவியக்கூடத்துக்காரிக்கு முகம் சுண்டிப் போயிருந்தது. "நான் அன்னிக்குப் பார்த்தது இதெல்லாம் இல்லையே... எனக்குத்தான் கண் மங்கிப்போச்சா?" என்று பெரியவளிடமே வந்து கேட்டாள். பத்திரிகையில் நான்கு வரி வந்தது: வண்ணம் உண்டு, வேகம் உண்டு, உயிர் இல்லை. பெரியவள் அந்த நான்கு வரியை நான்கு தடவை படித்தாள். முதல் தடவை சர்க்கரையாக இனித்தது. நான்காவது தடவை வாயெல்லாம் கசந்தது. எழுதியவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அந்தப் பன்னிரண்டுக்கும் அது பொருந்தும். உயிரெல்லாம் பின்னறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சின்னவள் வீடு திரும்பியது பத்து நாள் கழித்து. வயிற்றில் கட்டோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து நேராகப் பின்னறைக்குப் போனாள். ஒவ்வொரு படமாகத் திருப்பினாள். பெரியவள் வாசலில் நின்றாள்.

"ஒண்ணுகூடத் தப்பலை" என்றாள் சின்னவள், திரும்பாமல்.

"குட்டி..."

"நான் பிரிச்சிருந்தா நாலஞ்சு மாறிப்போயிருக்கும். எனக்கே தெரியாது அக்கா, எது வந்திருக்கு, எது வரலைன்னு. முப்பது வருஷமா உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லாம் கிறுக்கல்னு சொன்ன. உனக்குத் தெரிஞ்சிருக்கு. அத்தனையும் தெரிஞ்சிருக்கு."

"எனக்கு வயிறு எரிஞ்சுதுடி" என்றாள் பெரியவள். ஐம்பத்தைந்து வயதில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். "சின்ன வயசுலேருந்து. எல்லாம் எனக்குத்தான் கிடைச்சுது, படிப்பு, மெடல், வேலை. இது ஒண்ணு உனக்குக் கிடைச்சுது. அதுவும் எனக்கு வேணும்போல இருந்துச்சு."

"தெரியும். வரைஞ்சு வச்சிருக்கேனே, பார்க்கலையா?" சின்னவள் இப்போதுதான் திரும்பினாள். "வயிறு எரிஞ்சா எரியட்டும். அதுக்காக என்னை ஊர் முன்னாடி செத்த பிணமா நிக்க வைப்பியா? போ அக்கா. இப்போ என் முன்னாடி நிக்காதே."

ஒன்றரை மாதம் இருவருக்கும் பேச்சு இல்லை. சின்னவள் டீயைத் தானே போட்டுக் குடித்தாள். கணவர் இருவருக்கும் நடுவில் தபால்காரராக அலைந்தார், "உங்கக்கா கேட்கிறா, மாத்திரை போட்டியா?" "போட்டேன்னு சொல்லுங்க அத்தான்." அதற்கிடையில், காட்சி முடிகிற வாரத்தில் பெரியவள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஓவியக்கூடத்துக்குப் போனாள். மேஜைக்கு எதிரில் உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"உங்க கண் மங்கலைம்மா. நான்தான் மோசமானதாப் பார்த்துப் பொறுக்கி அனுப்பினேன். எனக்கு அவ மேல பொறாமை."

ஓவியக்கூடத்துக்காரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். திட்டுவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். அவள் திட்டினாள், நன்றாகவே திட்டினாள். மூச்சு வாங்க நிறுத்திவிட்டு, "எழுபதுல மோசமான பன்னிரண்டைத் தப்பில்லாம எடுக்க எனக்கே வராது. மிச்சத்தையும் அதே கண்ணால பிரிச்சு அனுப்புங்க. இந்தத் தடவை தலைகீழா" என்றாள்.

இரண்டாவது காட்சிக்குச் சின்னவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் தானாகவே பின்னறையிலிருந்து, "அக்கா, வந்து பிரிச்சுக் குடு" என்று குரல் வந்தது. பெரியவள் போனாள். இந்தத் தடவை வாசற்படியைத் தாண்டி உள்ளே போனாள். தொப்பி பிழியும் கிழவர், பிள்ளைத்தாய்ச்சி, அம்மாவின் முகம் என்று பன்னிரண்டு எடுத்தாள். பச்சை முகத்தை அவளே முதலில் எடுத்து வைத்தாள்.

"இது வேண்டாம்கா" என்றாள் சின்னவள்.

"நீ சும்மா இரு. இதைவிட நல்லது உன்கிட்ட இல்லை."

அந்தக் காட்சியில் ஜனங்கள் நின்றார்கள். சிலர் அழுதார்கள். பச்சை முகத்தின் முன்னால்தான் கூட்டம் அதிகம். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, "யாரோ பாவம், எவ்வளவு ஏங்கியிருப்பாங்க" என்று பெரியவளிடமே சொன்னாள். பெரியவள் ஆமாம் என்று தலையாட்டினாள். எல்லோரும் பார்ப்பது தன் முகத்தை. பாராட்டுவது தங்கையின் கையை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்கப்புறம் சின்னவளின் பேர் நாலு ஊருக்குத் தெரிந்தது. வெளியூர்க் காட்சிகளுக்குப் படங்கள் போயின. ஆனாலும் அவள் ஓய்வு பெறும் வரை சலவைப் பிரிவு வேலையை விடவில்லை. அதை விட்டால் பெஞ்சில் இருப்பவர்களை யார் பார்ப்பது என்றாள். பெரியவளும் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றாள். இப்போது தினமும் நாலு மணிக்குப் பின்னறையில் ஒரு முக்காலி போட்டு உட்காருகிறாள். சின்னவள் பிரஷைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள்.

"எரியுதா அக்கா?"

"இல்லை. இது ஒண்ணும் இல்லை. அழிச்சுடு."

சின்னவள் முணுமுணுத்துக்கொண்டே அதன் மேல் பச்சையடித்து மூடிவிடுவாள். வேறு சில நாட்களில் பெரியவள் பதிலே சொல்ல மாட்டாள். முகம் இறுகிப்போய், முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். பாத்திரங்கள் தடால் தடால் என்று சத்தம் போடும். அன்றைய சாப்பாட்டில் ஒன்று உப்பு இருக்காது, இல்லாவிட்டால் இரண்டு தடவை விழுந்திருக்கும்.

போன வாரமும் அப்படித்தான். கணவர் ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். தங்கையையும் அக்காளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குட்டி, இன்னிக்குப் படம் ரொம்ப நல்லா வந்திருக்கு போல" என்று சொல்லிவிட்டு, உப்பு ஜாடியை எடுத்து வர எழுந்து போனார்.